முதலெழுத்து இல்லாத சொல்

திருநெல்வேலி டவுனில் எவர்சில்வருக்கு மவுசு போனதற்குப் பிளாஸ்டிக்கும் காரணமில்லை, அலுமினியமும் காரணமில்லை. விஞ்ஞானம்தான் காரணம்.

எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாலு பேர் உட்கார்ந்து, சத்தமில்லாத வீடியோவிலிருந்து சத்தத்தைப் பிழிந்தெடுக்க வழி கண்டார்கள். வாய் பேசினால் காற்று அசைகிறது. காற்று அசைந்தால் பக்கத்திலிருக்கிற இலை, காகிதம், தம்ளர் எல்லாம் ஒரு மயிரிழையில் நூறில் ஒரு பங்கு நடுங்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அந்த நடுக்கத்தைத் திரும்பச் சத்தமாக்கினால் பேசியது பேசினபடி வந்து நிற்கும். இவ்வளவுதான் சங்கதி.

முதலில் அது நல்ல காரியத்துக்குத்தான் பயன்பட்டது. ஒலிப்பதிவே இல்லாமல் செத்துப்போன ஒரு நாகஸ்வர வித்வானின் ஊமைப்படத்தை எடுத்து, அவர் பக்கத்தில் எரிந்த விளக்குச் சிம்னியின் நடுக்கத்திலிருந்து அரைமணி நேரத் தோடி ராகத்தை மீட்டார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். அழுது மூக்கைச் சிந்துவதற்குள் அந்த வித்தை பஜாருக்கு வந்துவிட்டது. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஒலிமீட்பு என்று ஒரே பலகையில் எழுதிப் போட்டார்கள்.

பிறகு கல்யாண வீடியோக்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாட்டுப் போட்டு மூடிவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. தாலி ஏறுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தி பெண்ணின் நிறத்தைப் பற்றிச் சொன்னதைப் பாயசத் தம்ளர் ஒன்று வருடக்கணக்காக வயிற்றில் வைத்திருந்து கக்கியது. மேலரத வீதியில் ஒரே கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி, அப்பா வக்கீலிடம் பேசியதைக் கேட்டுவிட்டு நடுவில் சுவர் எழுப்பினார்கள். பளபளப்பது எதுவோ அது நன்றாகக் கேட்கும் என்று ஊருக்குப் புரிந்தபோது, எவர்சில்வர் குடத்தை நடுவீட்டில் வைக்க ஆளில்லை. சீர்வரிசைக்கு மண்சட்டி கேட்டு வருகிற காலமாகிவிட்டது.

"அம்பது வருசமா நான் சொல்லுதத வாடிக்கக்காரன் கேக்கலன்னு கொறப்பட்டேன்," என்பார் பாத்திரக்கடை கோமதிநாயகம். "இப்ப பாத்திரம் கேக்குதுன்னு பயந்து ஓடுதான்."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் கடைக்கு எதிரிலேயே ஒலிமீட்பு வந்த பிறகும், அந்தப் படி ஏறாத ஒரே வியாபாரி அவர்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல முடியாத காரணம் எல்லோருக்கும் தெரியும். கோமதிநாயகத்திடமும் ஒரு சத்தமில்லாத வீடியோ இருந்தது.

அது அவர் கடைக் கேமரா எடுத்தது. மகள் பூரணவல்லி காணாமல் போன சாயங்காலத்துடையது. போலீசார் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த பென்டிரைவை அவர் மனைவி உலகம்மாள் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வீடியோவில் விசேஷமாக ஒன்றுமில்லை. கல்யாணக் கூட்டம் ஒன்று சாமான் எடுத்துக்கொண்டிருக்கிறது. கோமதிநாயகம் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று பேரம் பேசுகிறார். பூரணி தோளில் ஒரு பையோடு படியேறி வந்து, அவர் முதுகைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். தொங்குகிற தூக்குவாளிச் சரம் அவள் வாயை மறைக்கிறது. அவர் திரும்பாமல் தலையை ஆட்டுகிறார். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான். அதன் பிறகு அவளைப் பார்த்தவர் இல்லை. ஆற்றுப்பாலத்தில் செருப்பு கிடக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் அவள் அளவில்லை. பெங்களூரில் பார்த்தோம் என்றார்கள். போய்ப் பார்த்தால் அவள் இல்லை.

அன்றைக்கு உலகம்மாள் கேட்டாள், கடைக்கு வந்தாளாமே, என்ன சொன்னாள் என்று. "வாரேன்னா," என்றார் கோமதிநாயகம்.

அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. படியிறங்குகிற எவரும் அதைத்தான் சொல்வார்கள். கடைவாசலில் 'போறேன்' என்று சொல்லுகிற தரித்திரம் எந்த வியாபாரி வீட்டிலும் கிடையாது. பழகின கை தராசைப் பார்க்காமலே நிறுக்கிற மாதிரி, அவர் கேட்காமலே சொல்லிவிட்டார். சொன்ன சொல் உலகம்மாளிடம் போய்க் கரையாத முதலாக உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து தெருக்கதவுக்குப் பூட்டு கிடையாது. இருவரில் ஒருவர் எப்போதும் வீட்டிலிருப்பார். சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம், காட்சி. ஒன்றுக்கும் ஜோடியாகப் போனதில்லை. காவலுக்கு வேறு ஆளை உட்கார வைக்கலாமே என்றால், முன்பின் தெரியாத முகம் கதவைத் திறந்தால் பிள்ளை திரும்பிப் போய்விடும் என்பாள்.

இப்போது அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுது. மதுரை டாக்டர் படம் போட்டுக் காட்டி, மழைக்காலத்துக்கு முன்னால் அறுவை செய்தாக வேண்டும், பிறகு அவள் உடம்பு தாங்காது என்றார். இரண்டு பேரும் ஒரு மாதமாவது மதுரையில் தங்க வேண்டும். உலகம்மாள் முடியாது என்றுவிட்டாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "வாரேன்னு சொல்லிட்டுப் போனவ. பூட்டுன வீட்டுக்கா வருவா?"

கோமதிநாயகம் யானையை விலை பேசினாலும் குதிரை விலைக்கு முடிக்கிறவர் என்று பஜாரில் பேர். தான் போட்ட ஒரு சொல்லை அவரால் திரும்ப வாங்க முடியவில்லை.

கடைசியில் ஒருநாள் மத்தியானம், உலகம்மாள் கண் அசந்த நேரத்தில், சிமிழுக்குப் பக்கத்திலிருந்ததை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு எதிர்க்கடைப் படியேறினார்.

ஒலிமீட்புக் கடை நடத்துகிறவள் பாளையங்கோட்டைப் பெண், பெனிட்டா. சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். காதில் பெரிய ஹெட்போனோடு, பூரணி இன்றைக்கு இருந்தால் என்ன வயதிருக்குமோ அந்த வயதில் இருந்தாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மட்டமான கேமராவாயிற்றே, வருமா என்று அவர் கேட்டார். அவள் விளக்கினாள். கேமரா ஒரு படத்தை மொத்தமாக எடுப்பதில்லையாம். தறியில் நெய்கிற மாதிரி மேலிருந்து கீழே வரி வரியாக எடுக்குமாம். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நூலிழை நேரம். அந்த இழைகளைப் பிரித்தால் போதும். அதோடு, இது பாத்திரக்கடை. டியூப்லைட் வெளிச்சம் ஒவ்வொரு தட்டிலும் விழுந்து துள்ளுகிறது.

"வேற எடத்துல ஒரு இலைய வச்சுக்கிட்டு மல்லுக்கட்டணும் அண்ணாச்சி. ஒங்க கடையில ஆயிரம் காது தொங்குது."

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். போனார். ஹெட்போனை அவளே அவர் காதில் வைத்தாள்.

"அப்பா, வாரேன்."

பூரணியின் குரல்தான். வெண்கலத்தில் வார்த்த மாதிரி அவ்வளவு தெளிவு. கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கியது. முன்பு தான் சொன்னது சரிதான் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டே உலகம்மாளின் மூச்சிரைப்பும் வந்தது. இந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் மதுரைக்கு வரவே மாட்டாள்.

இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கண்ணீர் நின்றுவிட்டது. வியாபாரி விழித்துக்கொண்டான். ரொம்ப மினுக்கின பாத்திரத்தில் எங்கேயோ ஓட்டையைப் பற்றவைத்திருக்கும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

"இதுல எம்மவ சொன்னது எவ்வளவு, ஒன் மிசினு சொன்னது எவ்வளவு?"

பெனிட்டா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். எல்லோரும் கேட்டு அழுதுவிட்டுப் போய்விடுவார்கள், இதை யாரும் கேட்டதில்லை என்றாள். அந்த நாகஸ்வரத் தோடியிலும் பாதிக்கு மேல் வித்வானுடையது இல்லையாம். சிம்னி சொல்லாமல் விட்ட இடங்களை மிஷின் தனக்குத் தெரிந்த தோடிகளைக் கொண்டு நிரப்பியதாம். பேச்சிலும் அப்படித்தான். சத்தம் விட்டுப்போன இடத்தில், ஜனங்கள் வழக்கமாக என்ன சொல்வார்களோ அதைப் போட்டுக்கொள்ளும்.

"கடையிலேர்ந்து எறங்குத ஒரு தமிழ்ப் பொண்ணு என்ன சொல்லும்? பத்துக்கு ஒம்பது பேரு வாரேன்னுதான் சொல்லுவாங்க. அதான் மிசினு வாரேன்னு வச்சிட்டு."

கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்தார். மிஷினைக் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரே சரக்கைத்தான் இருவரும் ஒரே காரணத்துக்காக விற்றிருக்கிறார்கள்.

"யூகத்த எடுத்துட்டுப் போடு தாயி," என்றார்.

அவள் எடுத்துவிட்டுப் போட்டாள். இப்போது குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. "அப்பா" என்பது நன்றாகவே கேட்டது. அதை ஒட்டி ஒரு பெரிய 'டங்'. அந்தச் சத்தம் சட்டென்று அறுபட்ட இடத்தில், சொல்லின் கடைசித் துண்டு.

"அப்பா… டங்… ஏன்."

வேறு ஒன்றும் இல்லை. வாரேனோ போறேனோ, முன்பாதியைச் சத்தம் தின்றுவிட்டது. எது சொல்லியிருந்தாலும் மீதி இதுதான்.

"அந்த டங் என்னன்னுதான் எனக்கு வெளங்கல," என்றாள் பெனிட்டா.

அவருக்கு விளங்கியது. பித்தளைக் குடத்தைத் தலைகீழாகப் பிடித்து மோதிரவிரலால் ஒரு தட்டு தட்டுவது அவர் வியாபார முறை. நாதம் ரீங்கரித்துக்கொண்டு நிற்கிறவரை வாங்க வந்தவன் வாயைத் திறக்க மாட்டான். அந்த அமைதியில் விலை அவன் மனசுக்குள் இறங்கிவிடும். விவரமானவன் என்றால் உள்ளங்கையைக் குடத்தில் வைத்து நாதத்தை நிறுத்திவிட்டுப் பேரத்தை ஆரம்பிப்பான். அன்றைக்கு வந்த கல்யாண வீட்டுப் பெரியவர் விவரமானவர். திரையில் அவர் கை குடத்தின் மேல் இருந்தது. தன் விரல் அதற்குக் கொஞ்சம் முன்னால் உயர்ந்து இறங்குவதையும் கோமதிநாயகம் பார்த்தார். மோதிரம் இப்போதும் அதே விரலில்தான் இருந்தது.

அதைத் திருகிக்கொண்டே கேட்டார்: "மிசினுகிட்ட போறேன்னு சொல்லச் சொன்னா சொல்லுமா?"

சொல்லும் என்றாள். ஆனால் அப்படிச் செய்து கொடுக்கிற வழக்கம் தனக்கில்லை என்றாள். கோமதிநாயகம் தன் ஆயுளில் பேசிய பேரத்திலேயே பெரிய பேரத்தை அங்கே பேசினார். இது காசுப் பேச்சில்லை. ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு சொல்லை வாங்குகிற பேச்சு. வால்வைச் சொன்னார், மழைக்காலத்தைச் சொன்னார், பூட்டாத கதவைச் சொன்னார். வாரேன் என்பதும் யூகம், போறேன் என்பதும் யூகம். ஒரு யூகம் ஆளைக் கொல்கிறது, இன்னொன்று பிழைக்க வைக்கும் என்றால் எதைக் கொடுப்பாய் என்று கேட்டார். பெனிட்டா கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவருடைய போனில் இரண்டையும் ஏற்றினாள், போறேனையும், யூகமில்லாததையும்.

"ரெண்டாவதயும் வச்சுக்கோங்க அண்ணாச்சி," என்றாள். "அதுதான் அவங்க."

வீட்டில் உலகம்மாள் வழக்கம் போலத் தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் போனை நீட்டினார். இன்னதென்று சொன்னார். அவள் வாங்கிக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பா, போறேன்."

கோமதிநாயகம் அவள் உடைவதற்காகக் காத்திருந்தார். தாங்கிக்கொள்ள ஒரு அடி முன்னால் வந்து நின்றார். உலகம்மாள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, மூச்சிரைக்க இரைக்கச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

"போறேன்னா சொன்னா? அப்ப வந்துருவா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"தெனம் காலேசுக்குக் கெளம்புறப்ப போறேன்னுதான் சொல்லுவா. என்ட்ட ஏச்சு வாங்கதுக்குன்னே சொல்லுவா. 'ஏட்டி, போறேன்னு சொல்லாத, வாரேன்னு சொல்லு'ன்னு நான் வாசல் வரைக்கும் ஏசிக்கிட்டே போவேன். கேட்டுக்கிட்டே சிரிச்சிட்டுப் போவா. சாயந்தரம் டாண்ணு வந்து நிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு எங்க தெரியும். நீங்கதான் காலையிலேயே கடை தொறக்கப் போயிருவீயளே. நீங்க வாரேன்னு சொன்னப்பதான் எனக்குப் பயமா இருந்துச்சு. என்னைக்கும் இல்லாம வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காளேன்னு."

பேரத்தில் தோற்றவன் சரக்கையாவது வைத்திருப்பான். கோமதிநாயகம் கையில் அதுவும் இல்லை. பொய்யாக ஒரு சொல்லைக் கொடுத்து அவளைப் பயத்தில் வைத்திருந்தார். பொய்யாக இன்னொரு சொல்லைக் கொடுத்து இப்போது நம்பிக்கையில் வைத்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் தன் மகள் வாசலில் என்ன சொல்லிவிட்டுப் போவாள் என்பதே தனக்குத் தெரிந்திருக்கவில்லை. உலகம்மாள், இனி மதுரைப் பேச்சை எடுக்க வேண்டாம், மாவு அரைக்கச் சொல்ல வேண்டும், பிள்ளைக்கு ஆப்பம் பிடிக்கும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவர் போனை வாங்கி, இரண்டாவதைப் போட்டு, அவள் காதில் தானே வைத்தார்.

"அப்பா… டங்… ஏன்."

அவள் நிமிர்ந்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். பாத்திரக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது ஒங்க மோதிரம்லா."

அவர் தலையாட்டினார்.

"அப்ப நீங்க கேக்கவே இல்ல."

அதற்கு அவரால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. கதவு தன் பாட்டுக்குத் திறந்து கிடந்தது. அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார். அவள் கதவைப் பார்த்தபடி சொன்னாள்.

"மதுரைக்கு வண்டி சொல்லுங்க."

"உலகு…"

"அன்னைக்கும் வீடு தொறந்துதான் கெடந்துச்சு. கடையும் தொறந்துதான் கெடந்துச்சு. தொறந்து கெடந்து என்ன செய்ய? பிள்ள வந்து ஒரு சொல்லு சொன்னா கேக்கதுக்கு ஆளு இருக்கணும்லா." மூச்சு வாங்கினாள். "ஒங்கள நம்பி விட்டுட்டுப் போக முடியாது. நான் உசுரோட இருந்தாகணும்."

பூட்டு வாங்கத்தான் கடைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டிலிருந்ததன் சாவி எப்போதோ தொலைந்திருந்தது.

மதுரையில், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற நீண்ட வழியில், அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். பச்சை உடுப்பும் தலைமறைப்புமாக ஆள் சிறுத்துத் தெரிந்தாள். கதவுக்குக் கொஞ்சம் முன்னால், கூட வருகிறவர்கள் நிற்க வேண்டிய மஞ்சள் கோடு. கோமதிநாயகம் நின்றார். அவர் போனில் யாரோ வாடிக்கைக்காரர். அண்டா இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி கோட்டைத் தாண்டுகையில் உலகம்மாள் ஏதோ சொன்னாள். அதே நேரம் கதவின் கீல் கிறீச்சென்றது. சொல்லின் வால் மட்டும் அவர் காதில் விழுந்தது.

தலை தன்னால் ஆடத் தொடங்கிவிட்டது.

பாதியில் நிறுத்தினார். போனை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடி, வண்டியின் கம்பியைப் பிடித்தார். நர்ஸ் சத்தம் போட்டாள். பெரியவரே, இங்கெல்லாம் வரக் கூடாது என்றாள். அவர் விடவில்லை.

உலகம்மாள் முகத்தைத் திருப்பினாள். மயக்கமருந்துக்கு முந்தைய ஊசி போட்டிருந்ததில் குரல் மெலிந்து, வயது குறைந்து, யாரோ சின்னப் பெண்ணின் குரல் போல வந்தது.

"ஏன்?"

அந்தக் குரலை அவர் போனில் எத்தனையோ தடவை கேட்டிருந்தார்.

"காதுல விழல," என்றார் கோமதிநாயகம். யாருக்குச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. "காதுல விழலம்மா."

நர்ஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் அதைப் பார்த்தாள். மோதிரம் கழற்றியிருந்த விரலில் வெளுத்த வளையம் இருந்தது. பிறகு, காது மந்தமானவருக்குச் சொல்வதைப் போல, முதலெழுத்தை நீட்டித் திரும்பச் சொன்னாள்.

"வாரேன்."

இதற்குப் பதில் தலையாட்டல் இல்லை என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் குனிந்து, அவள் காதருகில், அந்தப் பதிலை முழுசாகச் சொன்னார்.

"போயிட்டு வா."

கதவு மூடிய பிறகும் அதை இன்னொரு தடவை சொன்னார்.